ஒரு பஸ்ஸுக்கு ஒரு மெசேஜ்

கீழே லேத் ஓடினால் மேலே என் மேஜை அதிரும். டம்ளரில் இருக்கும் டீயில் வட்ட வட்டமாக அலை வரும்...

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையின் மாடியில்தான் எங்கள் கம்பெனி. பெரிதாக நினைக்க வேண்டாம். முதலாளி, நான், தேவகி. அவ்வளவுதான்.

தேவகி ஆவடி குவார்ட்டர்ஸ் பெண். வேலை நிரந்தரமாகாவிட்டால் பேசாமல் பேங்க் பரீட்சைக்குப் படி என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவளுக்கோ கோடிங்கை விட்டு வேறு எதிலும் மனசே இல்லை. எல்லாம் ஒரே ஒரு ப்ராஜெக்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

பாடியில் ஒரு ஃபேக்டரி. காலை ஷிப்ட்டுக்கு கொரட்டூரில் நிற்கும் பெண்களுக்கு, ஸ்டாஃப் பஸ் நெருங்கியதும் போனில் மெசேஜ் போக வேண்டும். அதற்கு நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு ஃபங்ஷன், அதாவது ப்ரோக்ராமின் ஒரு துண்டு, ஓடும். பஸ்ஸில் இருக்கும் கருவியிடம் எங்கே இருக்கிறாய் என்று கேட்கும். பக்கத்தில் என்றால் மெசேஜ் அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடும்.

எழுதியது 'கோ' என்ற ப்ரோக்ராமிங் லாங்வேஜில். ஃபங்ஷனுக்கு முன்னால் 'கோ' என்று போட்டால் போதும், அது தனியாகக் கிளம்பிப் போய்விடும். அது முடியும்வரை நாம் காத்திருக்கவே வேண்டாம். புது பைக் வாங்கியவன் தெருமுனைக் கடைக்கும் பைக்கிலேயே போவானே, அந்த மாதிரி கண்ட இடத்திலெல்லாம் அதைப் போட்டு வைத்தோம்.

முதல் நாள் காலை, வழியில் பஸ்ஸுக்கு சிக்னல் போய்விட்டது. சிக்னல் திரும்பி வந்த கொஞ்ச நேரத்தில், கொரட்டூர் ஸ்டாப்பில் நாங்கள் முன்பே பார்த்துப் பேசி நம்பர் கொடுத்திருந்த ராஜேஸ்வரி அக்கா போன் பண்ணினார்.

"இன்னாம்மா இது... வர்றது ஒரு பஸ்ஸு. போனு பாத்தா ஊர்கோலம் வர்றா மாதிரி கத்திகினே கீது."

முதலாளி சிரிக்கவில்லை. நாளைக்கும் இப்படி என்றால் ப்ராஜெக்ட்டை மூடிவிடலாம் என்றார். தேவகிக்கு முகமே சுருங்கிவிட்டது.

மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று என்னைப் பார்த்தாள்.

"போனவன் இன்னும் திரும்பி வரல. அதுக்குள்ள ஏன்பா அடுத்தவன அனுப்பிகினு கீறோம்?"

அதேதான். பஸ் பதில் சொல்லாத நேரமெல்லாம் நிமிஷத்துக்கு ஒருவன் கிளம்பிப் போய் அங்கேயே காத்துக் கிடந்திருக்கிறான். சிக்னல் வந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மெசேஜ் அனுப்பிவிட்டார்கள்.

அந்த 'கோ'வை எடுத்தோம். போனது திரும்பினால்தான் அடுத்தது. நடுவில் தவறும் நிமிஷங்கள் போனால் போகட்டும். ரொம்ப நேரம் பதில் இல்லையென்றால் கேட்பதை விட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

மறுநாள் நாங்களே போய் கொரட்டூர் ஸ்டாப்பில் நின்றோம். பக்கத்துப் பெண்ணிடம் மகளின் ஸ்கூல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்த அக்காவின் போன் ஒரே ஒரு முறை அடித்தது. எடுத்துப் பார்த்தார். பையில் போட்டார். விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார். ரோட்டுப் பக்கம் திரும்பக்கூட இல்லை...

பஸ் வந்தது. தேவகி என் கையை இறுக்கிப் பிடித்தாள். ஏறும்போது அக்கா எங்களைப் பார்த்துச் சிரித்தார். அந்த வாரமே தேவகிக்கு வேலை நிரந்தரமானது.

இப்போது அவள் ஒரு பெரிய டீமுக்கு லீட். எனக்கும் கண்ணாடிக் கட்டடம், ஏசி, எல்லாம் சரியாக ஓடுகிறது என்று திரை முழுக்கப் பச்சை விளக்கு. ஒரு குறையும் இல்லை, சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

நான் எழுதியது எந்த ஊரில், யார் போனில் அடிக்கிறது என்றுதான் தெரிவதில்லை. அதை நம்பி, ரோட்டைப் பார்க்காமல் கதை பேசிக்கொண்டு நிற்கும் ஒருத்தரை அதற்கப்புறம் நான் நேரில் பார்க்கவே இல்லை.