கூட்டுக்கிணற்று ரோகு

சிங்கவரத்தில் எங்களுக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் ஒரே கிணறு. முறை வைத்து மோட்டார் போட்டுக்கொள்வோம். தண்ணீரில்தான் பங்கு, மீனுக்கு யாரும் பங்கு கேட்டதில்லை. நாங்கள் நயினார்கள், அதாவது ஜைனர்கள், மீனைத் தொட மாட்டோம். அவர் தொடத் தயார்தான். ஆனால் கிணற்று விரால்கள் மனிதத் தலை தெரிந்தாலே கல்லிடுக்கில் புகுந்துகொள்ளும்.

தன் மகள் மாசமாக இருக்கிறாள் என்று சேதி வந்ததும், அவர் மீன் பண்ணையிலிருந்து ரோகுக் குஞ்சுகள் வாங்கி வந்து கிணற்றில் விட்டார்.

“வளகாப்பு முடிஞ்சி பொண்ணு இங்க வர்றதுக்குள்ள வளந்துடும் நயினாரே. நம்ம கெணத்து மீன் கொழம்புதான் அதுக்கு மொத சாப்பாடு!”

மகளுக்கும் போனில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு.

பண்ணையில் வளர்ந்ததுகளுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. யார் எட்டிப் பார்த்தாலும் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தன. என் மனைவி உருகிப்போனாள். தினமும் காலையில் பொரி. தண்ணீர் பாசி பிடித்துக் கலங்கிய பிறகும் நிறுத்தவில்லை.

மகள் வந்தாள். கை நிறைய வளையல்களோடு கிணற்றடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். என் மனைவி அவள் அப்பாவிடம் போய் நின்றாள்.

“புள்ளத்தாச்சி ஆசப்பட்டுட்டா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் அண்ணே. அந்த வால் கிழிஞ்சத மட்டும் விட்டுடுங்க.”

“ஒண்ணுதானம்மா? விட்டுட்டேன், போ.”

கூடையில் பொரி போட்டு இறக்கினார். வால் கிழிந்தது வந்தது. விட்டார். மறுபடி இறக்கினார், மறுபடியும் அதுவே. எதிர்ப் படிக்குப் போனார், அவருக்கு முன்னால் அது போய் நின்றது. கடுப்பாகி வலை வீசினார். நாலைந்து பொடிக் கெண்டைகளோடு, வாயைத் திறந்துகொண்டு, அதுவே.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. விரால் விழுங்க வந்தபோதும் மற்ற ரோகுகள் பொரி என்று நினைத்துத்தான் எதிரே போயிருக்கின்றன.

“அவ்ளோ பொரியும் இது ஒண்ணுதான் தின்னுச்சா?” என்றாள் என் மனைவி.

மகள் முதலில் சிரித்தாள். பிறகு அப்பாவைப் பார்த்து அழுதாள். “எத்தினி நாளா நெனச்சினு இருந்தேன் நைனா!”

அவர் கையில் மீன் துள்ளியது. என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொன்ன சொல்லுக்காக மனிதர் அதைத் தண்ணீரில் விட்டார். எனக்கு அவர் மேல் பாசமே வந்துவிட்டது.

என் பைக்கிலேயே அவரைச் செஞ்சிக்கு அழைத்துப் போனேன். மீன் கடையில் மூக்கைக் கர்ச்சீப்பால் மூடிக்கொண்டு தள்ளி நின்றேன்.

“ரோகு நல்லா இருக்குதுண்ணே,” என்றார் கடைக்காரர்.

“ரோகு வேணாம். விரால் குடு. அதுங்கதான் எம் பொண்ணு சோத்துல மண்ணப் போட்டுச்சுங்க.”

கடைக்காரர் தொட்டியிலிருந்து ஒரு விராலைத் தூக்கிக் காட்டினார். என் முகத்தில் கர்ச்சீப் எப்போது இறங்கியது என்று எனக்கே தெரியாது.

“இதவிடப் பெருசா இருக்குதா பாருங்க,” என்று சொன்னது நான்தான்.