எங்கள் அம்பாசிடரின் சிவப்பு சீட்

அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போன ஒரு வீட்டார் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியபோது, அதற்குக் காரணம் எங்கள் கார் சீட்தான் என்று அப்பா முடிவு செய்தார். ஜாதகம் பொருந்தியிருந்தது. அக்கா பி.எஸ்ஸி. படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கேசரியிலும் குறை இல்லை. மிச்சம் இருந்தது சீட் மட்டும்தான். பையனின் அம்மா பட்டுப்புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சீட் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்ததை, அவர்களைக் காரில் கூட்டிவந்த அப்பா கண்ணாடியில் பார்த்தாராம்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வந்த புதிதில் அப்பா அங்கே மாற்றலாகி வந்தார், பக்கத்திலேயே வீடும் கட்டினார். பெரிய மனிதர் ஆவதற்கு இனி ஒரு கார்தான் பாக்கி என்று ஒரு கிழட்டு அம்பாசிடரையும் வாங்கினார். "கிளாஸிக்டா இது" என்பார். கிளாஸிக் என்றால் தள்ளினால்தான் ஓடும் என்று நான் புரிந்துவைத்திருந்தேன். அதன் ரெக்ஸின் சீட் ஒரு காலத்தில் கருஞ்சிவப்பாக இருந்திருக்க வேண்டும். எங்களிடம் வந்தபோது, வெற்றிலை போடுவதை விட்டுவிட்டவர் உதடு மாதிரி வெளுத்துக் கிடந்தது.

முதல் வைத்தியம் அப்பாவுடையது. தேங்காய் எண்ணெயை எடுத்து சீட் முழுக்கத் தேய்த்தார். பளபளவென்றுதான் இருந்தது. செங்கம் ரோட்டுப் புழுதி மொத்தமும் அதில் வந்து குடியேறியது. உட்கார்ந்து எழுந்தவர்கள் வேட்டியின் பின்பக்கத்தில் எங்கள் ஊர் மண்ணைக் கொண்டுபோனார்கள்.

அப்போது நான் டிகிரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். அதாவது, எல்லோருடைய வேலைக்கும் நான்தான் ஆள். சென்னைக்குப் போய், கார் சாமான் விற்கும் தெருவில் ரெக்ஸினுக்கு அடிக்கிற கலர் டப்பா வாங்கி வந்தேன். எண்ணெய்ப் பிசுக்கு துளி இருந்தாலும் கலர் உரிந்துவிடும், மெல்லிசாகத்தான் பூச வேண்டும், காயாமல் மேலே பூசக் கூடாது என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார்.

பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் எப்படியும் வண்டியை வெளியே எடுக்க முடியாது. ஊரே மலை சுற்றிக்கொண்டிருந்த அன்று நான் சீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சோப்புத் தண்ணியும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்தேன். அப்பாவின் தேங்காய் எண்ணெய், யார் யார் தலையிலிருந்தோ வந்த எண்ணெய், விபூதி, சந்தனம் எல்லாம் கலந்து ஒரு குழம்பு இறங்கியது. தின்னரில் துடைத்துக் காயவிட்டு, ஸ்பாஞ்சில் தொட்டுத் தொட்டுப் பூசினேன்.

"கம்மியா இருக்கு பாரு. இன்னும் ஜாஸ்தியா அப்புடா" என்று அப்பா பின்னால் நின்று கத்திக்கொண்டே இருந்தார். நான் காதில் வாங்கவில்லை. மடிப்பு, தையல், பித்தான் குழி என்று எதையும் விடாமல் பூசிக் காயவைத்து, மறுபடி பூசினேன். முடிந்தபோது அதிகப் பளபளப்பு இல்லாத, ஆழமான கருஞ்சிவப்பு. எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது.

"அச்சு அசலா தோல் மாதிரியே இருக்கு" என்று அப்பா ஆபீஸ் முழுக்கச் சொன்னார். நாளடைவில் 'மாதிரி' உதிர்ந்துபோய் வெறும் தோல் ஆனது. கல்யாணத் தரகர் அதைக் கேட்டுக்கொண்டு போய், ஆரணியில் ஒரு மாப்பிள்ளை வீட்டாரிடம் "லெதர் சீட் போட்ட கார்ல வந்து கூட்டிட்டுப் போவாங்க" என்று எங்கள் பெருமையை உயர்த்தினார்.

அப்பாவும் நானும் காரோடு காத்திருந்த பஸ் ஸ்டாண்டில் அவர்கள் வந்து இறங்கினார்கள். பையன், அவன் அம்மா, நெற்றி நிறைய விபூதியோடு அவன் அப்பா. நான் கார் கதவைத் திறந்தேன். பையனின் அப்பா சீட்டைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனார்.

"தோல் சீட்டுன்னு தரகர் சொன்னாரு. நாங்க சுத்த சைவங்க. மாட்டுத்தோல் மேல உக்காந்துகினு நல்ல காரியத்துக்கு எப்படிங்க வர்றது?"

"ஐயோ, ரெக்ஸினுங்க இது! என் பையன் கலர் அடிச்சிருக்கான், அவ்ளோதான்" என்று அப்பா பதறினார். கலர் அடித்த விஷயத்தை அவர் வெளியாளிடம் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"பாத்தா அப்படித் தெரியலீங்களே."

என் வேலைக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இன்றுவரை கிடைத்ததில்லை. பையன் இடுப்பில் பட்டையாக ஒரு தோல் பெல்ட், காலில் தோல் செருப்பு. அதெல்லாம் எந்த மரத்தில் காய்த்ததோ தெரியவில்லை.

"ஒண்ணு பண்ணலாங்க" என்றார் பையனின் அப்பா. "தோலுன்னா முடி கருகுற நாத்தம் வரும். பிளாஸ்டிக்குன்னா வேற மாதிரி வரும். லேசா சூடு வெச்சிப் பாத்துடுவோம்."

காரின் டேஷ்போர்டில் இருந்த பிள்ளையாருக்கு அப்பா ஊதுபத்தி ஏற்றியிருந்தார். அப்பா என்னைப் பார்த்தார், ஊதுபத்தியைப் பார்த்தார். இந்த வரனும் போய்விடக் கூடாது என்பது முகத்தில் எழுதியிருந்தது.

"வைடா" என்றார்.

நான் ஊதுபத்தியை எடுத்து, சீட்டில் யார் கண்ணிலும் படாத ஓரமாகக் கொண்டுபோனேன். "ஓரத்துல வேற துணி போட்டிருப்பாங்க. நடுவுல வைப்பா" என்றார் பையனின் அப்பா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, ஊதுபத்தியை வேறு இடத்தில் வைத்திருப்பேன். நடு சீட்டில் வைத்தேன். கலர் சுருங்கி, கறுத்து, ஓட்டை விழுந்து புகை வந்தது. அவர் குனிந்து மூக்கை வைத்து இழுத்தார். முகம் மலர்ந்தது. "சுத்தமான பிளாஸ்டிக்! ஏறுங்க, ஏறுங்க."

வீட்டில் பஜ்ஜி, காப்பி முடிந்ததும் "எங்களுக்கு சம்மதம்" என்று அவர் அறிவித்தார். அக்கா உள்ளே போனாள். நானும் பின்னாலேயே சமையலறைக்குப் போய், பஸ் ஸ்டாண்டில் நடந்ததை அவர் மூக்கை இழுத்தது வரைக்கும் நடித்துக் காட்டினேன். அக்கா சிரிக்கவில்லை.

"அப்பா என்னடா சொன்னாரு?"

"வைடான்னாரு."

அப்பாவை உள்ளே கூப்பிட்டாள்.

"உக்கார்ற சீட்டுக்கே நெருப்பு வெச்சிப் பாத்துட்டுத்தான் நம்புறாங்க. நாளைக்கு என் மேல ஒரு சந்தேகம் வந்தா எங்க வெப்பாங்கப்பா? அப்பவும் நீங்க வைடான்னுதான் சொல்வீங்களா?"

அப்பா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். கூடத்துக்குப் போய், "பொண்ணுக்கு இஷ்டம் இல்லீங்க" என்று கை கூப்பினார். ஏன், என்ன என்று அவர்கள் கேட்டதற்கெல்லாம் கூப்பிய கையை இறக்காமலேயே நின்றார். நான் கார் சாவியை எடுத்தேன். அப்பா அதை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"போய் ஒரு ஆட்டோ கூட்டினு வாடா. அதுலயும் ரெக்ஸின் சீட்டுதான்னு ஐயாகிட்ட சொல்லிடு."