சீனி இல்லாத பத்தியம்

சில வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்தோம். கணவருக்குத் தேயிலை பெக்டரியில் வேலை. நான் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இந்த இரண்டாவது விஷயத்தை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீர் மழைக்குக் கலங்கினால், லயத்தில் யாருக்காவது மஞ்சள் காமாலை வரும். அந்த முறை மூன்று பேருக்கு வந்தது. மூன்றாவது ஆள் என் கணவர். டிஸ்பென்சரியில் காட்டினோம். வைரஸ் ஈரலைப் பிடித்திருக்கிறது, தானாகக் குறையும், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கட்டும், நன்றாகச் சாப்பிடக் கொடுங்கள் என்றார்கள். கடைசியாகச் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் ஆட்களுக்கு மஞ்சள் காமாலை என்றால் பத்தியம்தான். உப்பில்லை, எண்ணெயில்லை, கருவாடு இல்லை. காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லி, பிறகு கஞ்சி. ஆனால் சீனியை யாரும் நிறுத்துவதில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்துக்கொண்டு, அதை நக்கி நக்கிப் பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணி குடிப்பது இங்கே வழக்கம். என் கணவர் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை அப்படிக் குடிப்பார்.

அதையும் நிறுத்தியவள் நான். அதற்கு என்னிடம் விஞ்ஞான விளக்கம் வேறு இருந்தது. சாப்பிட்ட சீனியைச் சேமித்து வைப்பது ஈரலின் வேலை. இப்போது ஈரல் வீங்கிக் கிடக்கிறது. சீனி போகாவிட்டால் அதற்கு வேலை குறையும், ஓய்வு கிடைக்கும். கால் முறிந்தவனை நடக்கவிடாமல் வைத்திருக்கிறோம் அல்லவா, அதுமாதிரி. அவர் கெஞ்சிப் பார்த்தார். நான் சீனிப் போத்தலை எடுத்து என் புத்தக அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

பத்தியம் தொடங்கி ஒன்பதாவது நாள் அந்த ஞாயிறு. முதல்நாள் உப்பில்லாத கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டுக் குமட்டுகிறது என்று தள்ளிவிட்டார். காலையில் கீழாநெல்லி மட்டும்தான் உள்ளே போயிருந்தது. ஒன்பது மணியளவில் எழுந்து, பெக்டரிக்கு நேரமாகிவிட்டது என்று சட்டையைத் தலைகீழாகப் போட முயன்றார். நாக்குக் குழறியது. கால் ஒரு பக்கம் போனது, உடம்பு ஒரு பக்கம் போனது.

குடித்திருக்கிறார் என்று நினைத்தேன். முதல்நாள் மாலை நலம் விசாரிக்க ஒரு கூட்டாளி வந்து போயிருந்தான், சந்தேகம் அவன்மேல். லயம் முழுக்கக் கேட்கும்படி ஏசினேன். பிடித்துக் கட்டிலில் தள்ளிவிட்டு உடுப்பு ஊறவைக்கப் போனேன். அரை மணி நேரம் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சத்தம் கேட்டு, பக்கத்துக் காம்பராவில் இருந்த அக்கா வந்தார். கொழுந்து பறிக்கிறவர், வயதில் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். குனிந்து என் கணவரின் வாயருகே மோந்து பார்த்தார்.

"வாடையே இல்லியே டீச்சர். மேலெல்லாம் சில்லுன்னு வேத்துக் கெடக்கு. பசி மயக்கம் மாதிரி இருக்குங்க."

அவரே ஓடிப்போய்ச் சீனி போட்ட தேத்தண்ணி ஒரு கோப்பை கொண்டுவந்தார். நான் வாசலில் மறித்தேன்.

"சீனி வேணாங்கக்கா. ஈரலுக்கு ஆகாது."

என்னை ஒரு கணம் பார்த்தார். "டீச்சர் சொன்னா சரிதாங்க" என்று கோப்பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். அப்போது என் கணவருக்கு விழுங்கும் நினைவு இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லாமல் போனது.

ஓட்டோவில் பதுளைக்குக் கொண்டுபோனோம். அக்காவும் ஏறிக்கொண்டு அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். ஆசுபத்திரியில் விரலில் குத்திப் பார்த்தவுடன், வேறெதுவும் கேட்காமல் நரம்பில் குளுக்கோசு ஏற்றினார்கள். சில நிமிடங்களில் கண்ணைத் திறந்தார். பசிக்கிறது என்றார்.

டாக்டர் பொறுமையானவர். பட்டினி கிடக்கும்போது, சேமித்த சீனியை இரத்தத்துக்கு விட்டுக்கொடுப்பதும், அது தீர்ந்தால் புதிதாகச் செய்து கொடுப்பதும் ஈரலின் உயிர்க்கலங்கள்தாம் என்று விளக்கினார். வைரஸோடு உடம்பு போராடும்போது உண்டாகும் அழற்சியில் அந்தக் கலங்களே அடிபட்டுப் போகின்றன. சேமிக்கவும் முடியாது, செய்யவும் முடியாது. வீட்டில் அரிசிப் பானையும் காலி, அடுப்பும் அணைந்துவிட்ட நேரம் பார்த்துக் கடைச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டீர்கள் என்றார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் மூளை கெட்டிருக்கும், உயிரே போயிருக்கலாம் என்றும் சொன்னார். பிறகு, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்.

டீச்சர் என்றேன். என்ன பாடம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் சொன்னதில் முக்கால்வாசியை அதே மாதம் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருந்தேன். ஈரல், குளுக்கோசு, கிளைக்கோசன், எல்லாம் அம்புக்குறி போட்டு. சேமிப்பைக் காட்டும் அம்பு மட்டும்தான் வீட்டுக்கு வந்தபோது ஞாபகத்தில் இருந்திருக்கிறது. எதிர்ப்பக்க அம்பையும் நான்தான் கீறினேன். வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

ஒரு மாதத்தில் கண்ணில் மஞ்சள் தெளிந்து வேலைக்குப் போனார். சாயத்தண்ணியும் உள்ளங்கைச் சீனியும் பழையபடி ஓடுகின்றன. அன்று நடந்தது அவருக்கு எதுவும் நினைவில்லை. ஏசியதைச் சொல்லிவிட்டேன், சிரித்தார். கோப்பையைத் திருப்பியனுப்பியதைச் சொல்ல வாய் வரவில்லை.

லயத்தில் எல்லாரும் இன்றைக்கும், டீச்சர் நேரத்துக்குக் கொண்டுபோனதால் பிழைத்தார் என்றே பேசிக்கொள்கிறார்கள். அக்கா அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிறார். அந்தக் கோப்பையைப் பற்றி இத்தனை வருடத்தில் அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அதனால்தான் நானே இதை எழுதுகிறேன்.