மிதித்த மண்ணில் மிளகாய்

இந்த ஊரில் மண்ணைக் கடையில் விற்கிறார்கள். பால், முட்டை, மண் என்று ஒரே வண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். பாரிசுக்கு வெளியே, ரயிலில் முக்கால் மணி நேரத் தொலைவில் எங்கள் அடுக்குமாடி இருக்கிறது. அங்கே முதன்முதலில் அந்த மண் மூட்டையைத் தூக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவல் மூட்டை மாதிரி கனமே இல்லை. எங்கள் ஊர் மரக்காணத்தில் உப்பளத்துச் சேற்றை ஒரு கூடை தலையில் ஏற்றினால் கழுத்து உள்ளே போய்விடும். இதெல்லாம் ஒரு மண்ணா என்று நினைத்தேன். அந்தத் திமிரில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

இங்கே கிடைக்கிற பச்சை மிளகாய் வெள்ளரிக்காய்க்குத் தம்பி. அதனால் அம்மா ஊரிலிருந்து அனுப்பிய காய்ந்த மிளகாயை உதிர்த்து, விதையைத் தயிர் டப்பாக்களில் போட்டு ஜன்னலோரம் வைத்தேன். முளைத்துவிட்டது. ஆறு இலை விட்டதும் பால்கனிக்கு மாற்றினேன். எங்கள் பால்கனியில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். ஓரமாக ஆறு மண்தொட்டி வைக்கத்தான் இடம். கடை மண்ணோடு, பின்னால் கட்டடம் கட்டத் தோண்டிய குழியிலிருந்து களிமண்ணை வாளியில் அள்ளி வந்து கலந்தேன். தொட்டியின் அடியில் இருந்த ஓட்டைகளைக் களிமண் வைத்து அடைத்தேன். தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றி, ஒவ்வொரு தொட்டியிலும் காலை விட்டுக் குதிகாலால் மிதித்தேன். பிறகு குச்சியால் துளை போட்டு நாற்றை நட்டேன். சொட்டுத் தண்ணீர் கீழே இறங்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஊரில் மழைக்காலம் முடிந்து உப்பளத்தில் வேலை தொடங்கும்போது, பாத்தியின் தரையை வரிசையாக நின்று மிதிப்போம். தரை கல்லாக இறுகினால்தான் கடல் தண்ணீர் கீழே வடியாமல் வெயிலில் காய்ந்து உப்பாகும். தண்ணீர் ஒழுகினால் அது வேலை தெரியாதவன் போட்ட பாத்தி. எங்கள் அளத்தில் என் அப்பாவைப் போல மிதிக்க ஆள் இல்லை. அதே கால் வீட்டில் அம்மாவின் மேல் விழும். தாளம்கூட மாறாது.

எனக்குப் பத்தொன்பது வயது, அப்பாவோடு அளத்தில் நிற்கிறேன். அம்மா மதியச் சோறு கொண்டுவந்தாள். கருவாட்டுக் குழம்பில் காரம் இல்லையாம். எல்லார் முன்னாலும் அப்பா அவளை வரப்பில் தள்ளி மிதித்தார். அம்மா எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாளும் வந்தாள். அப்பா ஒரு வாய் தின்றுவிட்டு, "இன்னிக்கும் காரம் எங்கடி?" என்றார்.

"இந்தாய்யா காரம்" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்து, மிளகாய்த்தூளைக் கண்ணிலேயே அடித்தாள்.

அப்பா அலறிக்கொண்டு ஓடி, கைக்கு எட்டிய தண்ணீரை அள்ளிக் கண்ணைக் கழுவினார். அது பாத்தித் தண்ணீர், உப்பாகப் போகிற தண்ணீர். முப்பது வருடம் அதிலேயே நின்ற மனிதர், வலியில் மறந்துவிட்டார். பிறகு அவர் போட்ட சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. "டேய், நல்ல தண்ணி கொண்டாடா! டேய்!" குடிதண்ணீர்க் குடம் என் காலடியில் இருந்தது. நான் தூக்கவில்லை. பக்கத்து அளத்துக்காரர் ஓடிவந்து குடத்தைப் பிடுங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். வலது கண் போய்விட்டது. அதற்குப் பிறகு அப்பா அம்மாவை அடிக்கவில்லை. திருந்திவிட்டார் என்று சொல்லமாட்டேன், குறி தப்ப ஆரம்பித்துவிட்டது.

அப்பாவின் அந்தக் காலை நான் ஊரிலேயே விட்டுவிட்டு வந்ததாக நினைத்திருந்தேன். என் மனைவி செல்வி புதுச்சேரிக்காரி. பிரெஞ்சுக் குடியுரிமை அவள் குடும்பத்தில் வந்தது, நான் அவளைக் கட்டிக்கொண்டு வந்தவன். போன வருடம் அவளை ஒருமுறை அறைந்தேன். "இன்னொரு வாட்டி கை ஓங்கினா, பொண்ண கூட்டிக்கினு அண்ணன் வூட்டுக்குப் போயிடுவேன்" என்றாள். எங்கள் மகள் இனியாவுக்கு எட்டு வயது.

மூன்றாவது வாரம் செடிகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "ஏன்டி, தண்ணிய ஊத்தி ஊத்திக் கொன்னுட்டியா?"

"நான் தொடவே இல்லிங்க. தண்ணி இறங்காம மேலயே நிக்குது, பாருங்க."

நான் எதையும் பார்க்கவில்லை. ஒரு தொட்டியைத் தூக்கி வீசினேன். அவள் காதுக்கு நாலு விரல் தள்ளிச் சுவரில் பட்டது. ஓடு சிதறியது. மண் சிதறவில்லை. தொட்டியின் உருவத்திலேயே, என் குதிகால் தடத்தோடு, தரையில் உருண்டு நின்றது. செடி அதிலிருந்து கழன்று விழுந்திருந்தது. வேர் அழுகி நூலாக இருந்தது. வேர் மூச்சுவிட ஒரு இடமும் நான் வைக்கவில்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. கீழ்வீட்டு மதாம். "ஸா வா?" என்றார். எல்லாம் சரிதானா என்று கேள்வி. தண்ணீர் ஒழுகுவதாகச் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, செத்த செடியைத் தூக்கிக் காட்டி, "பிமான், மதாம், பிமான்" என்று சிரித்தேன். மிளகாய்தான், வேறொன்றுமில்லை என்று அர்த்தம். அவர் செடியைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், கதவு இடுக்கில் நின்ற இனியாவிடம் குனிந்து மறுபடி "ஸா வா?" என்றார். கேள்வி எனக்கானது இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. வெட்கத்தில் செத்துப்போனேன்.

அன்றே செல்வி ஒரு பையில் துணி அடுக்கி, வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். போகவில்லை. பையைப் பிரிக்கவும் இல்லை.

மிச்சத் தொட்டிகளின் ஓட்டைகளைத் திருப்புளியால் குத்தித் திறந்தேன். களிமண்ணைக் கொட்டிவிட்டு, அந்த அவல் மண்ணைக் கையாலேயே உதிர்த்துப் போட்டேன். தயிர் டப்பாவில் மிஞ்சியிருந்த மூன்று நாற்றுகளை நட்டேன். கோடை முடியுமுன் காய்த்தன. போன ஞாயிறு, செல்வி வேலைக்குப் போயிருந்தபோது, ஒன்றைப் பறித்துப் பால்கனியிலேயே நகத்தால் கீறிப் பார்த்தேன். வியர்வை வழிய, மறதியாக இரண்டு கண்ணையும் தேய்த்துவிட்டேன்.

"தண்ணி கொண்டாடீ!" என்று கத்தினேன். அப்பாவின் குரல் அப்படியே வந்தது.

இனியா டம்ளரோடு வந்தாள். மங்கலாகத் தெரிந்தாள். பால்கனிக் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாள். அந்த நிற்பு எனக்குத் தெரியும். நான் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் டம்ளரைக் கீழே வைத்து, கால் விரலால் என் பக்கம் தள்ளிவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். அன்று நான் நின்ற அளவுக்கு அவள் நிற்கவில்லை.

சின்ன டம்ளர். இடது கண்ணைக் கழுவியதோடு தண்ணீர் தீர்ந்துவிட்டது. அந்தக் கண்ணில் என் மகள் தெரிந்தாள், அவளுக்குப் பின்னால் வாசலில் பை தெரிந்தது. வலது கண் எரிந்துகொண்டே இருந்தது. அதில் உப்பளத்து வெயிலில் அப்பா கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். இன்னொரு டம்ளர் கேட்க எனக்கு வாய் வரவில்லை.