சிங்கப்பூர் வெயிலில் காயவைத்த நெல்

வானத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம், "வானத்தைப் பாக்காதீங்க அண்ணி, ஃபோன் சொல்றதைக் கேளுங்க" என்று சொன்ன அறிவாளி நான்தான். நான் நின்ற இடம் சிங்கப்பூரின் மேற்கு ஓரத்தில் ஒரு வேலைத்தளத்தின் கருவிக் கிடங்கு. அவர் நின்ற இடம் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு நெற்களம். எனக்கும் நெல்லுக்கும் உள்ள பழக்கம் சாப்பாட்டுத் தட்டோடு சரி. அப்பா டவுனில் தையல் கடை வைத்திருந்தார். வயலை நான் பார்த்ததெல்லாம் பேருந்து ஜன்னல் வழியாகத்தான். அப்படிப்பட்டவன் ஒருநாள் விவசாய ஆலோசனை சொல்லக் கிளம்பினேன். அந்தக் கதையை எத்தனையோ பேரிடம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்து ஓய்ந்ததும் அண்ணன் முகம் வந்து நிற்கும்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் அல்ல. தொழிலாளர் விடுதியில் மேல்கட்டில் என்னுடையது, கீழ்கட்டில் அவருடையது. சாரம் கட்டும் வேலை அவருக்கு. பத்து மாடி உயரத்தில் குழாய்மேல் நடப்பவர், தரையில் இறங்கினால் யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டார். அவரிடம் இரண்டு சிம் போடும் பழைய கைப்பேசி ஒன்று இருந்தது. ஒன்று இந்த ஊர் எண், மற்றது ஊரில் வாங்கிய எண். நிலம் அவர் பெயரில் இருந்ததால், விடுப்பில் போயிருந்தபோது வேளாண் அலுவலகத்தில் தன் எண்ணையே எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருந்தார். அதனால் எப்போது மழை, எப்போது உரம், எந்தப் பூச்சி வரப்போகிறது என்ற குறுஞ்செய்தியெல்லாம் கடல் தாண்டி இங்கே வந்துகொண்டிருந்தது. நிலம் அங்கே, நிலத்துக்கான புத்திமதி இங்கே. நடுவில் அண்ணன்.

காலைத் தேநீர் இடைவேளையில், ஊரில் அப்போதுதான் பொழுது விடிந்திருக்கும், குழாய்க் கட்டின்மேல் உட்கார்ந்து அந்தச் செய்தியைப் படிப்பார். ஒருமுறை மனசுக்குள், ஒருமுறை உதடு அசைய. பிறகு கைப்பேசியை வாயருகே பிடித்து அண்ணிக்குக் குரல் செய்தி அனுப்புவார். சேற்றுக் கையோடு நிற்பவரால் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்க முடியாது அல்லவா? "இஞ்ச பாரு, குருத்துப்பூச்சி வருங்கிறாங்க. வரப்போரமா ஒரு நடை போயிப் பாரு. காத்தடிக்கையில மருந்து தெளிக்காத. மூக்கைத் துணியால கட்டிக்க." இதில் கடைசி வரி மட்டும் அலுவலகம் அனுப்பியது அல்ல. தினமும் ஒரு வரி அப்படி இருக்கும். அந்த வரிக்காகத்தான் மீதியைப் படிக்கிறார் என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

கேட்டுக் கேட்டு எங்கள் அறையில் பன்னிரண்டு பேரும் பயிர் வைத்தியர்கள் ஆகிவிட்டோம். எங்கள் மேற்பார்வையாளர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், புக்கிட் பாஞ்சாங்கில் வீடு. "என்ன லா, டெய்லி அக்ரிகல்சர் கிளாஸா? என் பால்கனில மிளகாச் செடி செத்துப்போச்சு, அதுக்கும் ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்க" என்பார். அண்ணன் அதையும் கேலியாக எடுத்துக்கொள்ளாமல், "தண்ணி அதிகம் ஊத்தியிருப்பீங்க சார்" என்று பதில் சொல்வார்.

அந்த வருடம் எங்களை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றின் பராமரிப்பு வேலைக்கு மாற்றினார்கள். உள்ளே கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. நான் வாசலுக்கு வெளியே கருவிக் கிடங்கில் இருந்தேன். ஸ்பேனர் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது என் உத்தியோகம். அண்ணன் தினமும் காலையில் தன் கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போவார். "வர்றதை அப்படியே படிச்சு அனுப்பு தம்பி. நீயா எதையும் சேக்காத." சேர்க்காமல் இருக்க என்னால் முடியுமா? வானொலிச் செய்தியாளர் குரலில் படித்தேன். "டெல்டா மாவட்ட மக்களே" என்று ஆரம்பித்து, இலைச்சுருட்டுப் புழுவைத் தேடப்படும் குற்றவாளியாக அறிவித்தேன். அண்ணி சிரித்துக்கொண்டே பதில் அனுப்புவார். "உங்க அண்ணன் படிச்சா தூக்கம் வருது தம்பி. நீங்க படிச்சா களத்துல எல்லாரும் வந்து நின்னு கேக்குறாங்க." அந்த வார்த்தையில் எனக்குத் தலை கனத்துவிட்டது.

தை மாதம் அது. அண்ணனுக்கு வேலை அனுமதி முடிய ஒரு மாதம் இருந்தது, புதுப்பிக்க வேண்டாம் என்று சொல்லியாயிற்று. இந்த நெல் தேறிவிட்டால் ஊரோடு இருந்துவிடலாம் என்று புருஷனும் மனைவியும் பேசி வைத்திருந்தார்கள். மெஷின் வந்து அறுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. களத்தில் குவியல், மேலே படுதா. ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிடுவார்கள், அதனால் ஒருநாள் நல்ல வெயிலில் பரப்பிக் காயவைக்க வேண்டும். எந்த நாள் என்பதுதான் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குக் கூடுதல் வேலை. "தேக்காவுக்குப் போறல்ல, ஊர் நம்பருக்கு ரீசார்ஜ் போட்டுடு. இன்னையோட முடியுது" என்று சொல்லி அனுப்பினார். போனேன். நம் ஊர்க் கடைகள் நிறைந்த அந்தத் தெருவில் பரோட்டா சாப்பிட்டேன். திடலில் உட்கார்ந்து நண்பர்களுக்கு அந்த மேற்பார்வையாளர் மாதிரி பேசிக் காட்டினேன். கைதட்டல் பலமாக இருந்தது. ரீசார்ஜ் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் காலை குறுஞ்செய்தி வரவில்லை. ஏன் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அதே நேரத்தில் அண்ணியின் குரல் வந்தது. "தம்பி, செய்தி வந்துச்சா? நெல்லைப் பரப்பட்டுமா, மூடியே வைக்கட்டுமா? இஞ்ச கிழக்கால மேகம் லேசா கறுக்குது." மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். படுதாவை எடுக்காமல் இருந்திருப்பார். ஆனால் களத்தில் எல்லோரும் வந்து நின்று கேட்கிற குரல் அல்லவா என்னுடையது? அண்ணன் கைப்பேசியின் முகப்பைப் பார்த்தேன். மஞ்சளாக ஒரு சூரியன், பக்கத்தில் ஒரு துளி மேகம்கூட இல்லை. டெல்டா மாவட்ட மக்களே, இன்று பொன்னான வெயில், பரப்புங்கள் என்று அறிவித்துவிட்டு, வானத்தைப் பார்க்காதீர்கள், ஃபோன் சொல்வதைக் கேளுங்கள் என்ற அந்தப் புத்திமதியையும் சேர்த்து அனுப்பினேன்.

மாலை லாரியில் ஏறியதும் அண்ணன் கைப்பேசியை வாங்கிக் கேட்டார். வரிசையாக அண்ணியின் குரல்கள், பகலில் நான் திறந்துகூடப் பார்க்காதவை. முதலில் காற்று இரைச்சல். அடுத்ததில் யாரையோ கூப்பிட்டுக் கத்துகிறார். அடுத்ததில் மழைச் சத்தம் மட்டும். கடைசியில் மூச்சு வாங்க, "பாதியைத்தான் அள்ள முடிஞ்சது. மீதி வாய்க்கால்ல போயிருச்சு." அள்ளியதும் நனைந்துதான் இருந்தது. மூன்று நாளில் படுதாவுக்குள்ளேயே முளைவிட்டது.

நான் அனுப்பியதையும் அண்ணன் முழுதாகக் கேட்டார். லாரியில் இருந்தவர்கள் என் குரலைக் கேட்டுச் சிரித்தார்கள், விஷயம் தெரியாமல். பிறகு கைப்பேசி முகப்பில் இருந்த சூரியனுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து என் பக்கம் திருப்பினார். பொடி எழுத்தில் 'சிங்கப்பூர்' என்று இருந்தது. கைப்பேசி எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் வானத்தைத்தானே காட்டும்? அன்று முழுக்க அந்த வெயிலில்தான் நான் நின்றிருந்தேன். வியர்த்து ஒழுகியபடி அதைத் தஞ்சாவூருக்கு அனுப்பியிருக்கிறேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "நீயே சொல்லிடு" என்று கைப்பேசியைக் கொடுத்தார். சொன்னேன். ரீசார்ஜையும் சொன்னேன், சூரியனையும் சொன்னேன். என் வாழ்நாளில் வேடிக்கை சேர்க்காமல் நான் பேசிய முதல் செய்தி அதுவாகத்தான் இருக்கும். அண்ணி கடைசிவரை கேட்டுவிட்டுத் தொடர்பைத் துண்டித்தார். அதற்குப்பின் என்னிடம் அவர் பேசவில்லை.

அண்ணன் அனுமதியை இரண்டு வருடத்துக்குப் புதுப்பித்துக்கொண்டார். அலுவலகத்தில் அவர் கையெழுத்துப் போட்டபோது பேனா கொடுத்தவன் நான். அண்ணி தானாகவே வேளாண் அலுவலகத்துக்குப் போய்த் தன் எண்ணை எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். அதன்பிறகு குறுஞ்செய்தி நேராக அவருக்கே போயிற்று. இடைவேளையில் அண்ணனுக்குப் படிக்க ஒன்றும் இல்லை. அதற்குப் பதிலாக அண்ணியிடமிருந்து ஒற்றை வார்த்தைகள் வரும். "பாய்ச்சிட்டேன்." "தெளிச்சுட்டேன்." "மூடிட்டேன்." குழாய்க் கட்டின்மேல் உட்கார்ந்து அதை இரண்டுமுறை கேட்பார். பதில் அனுப்பக் கைப்பேசியை வாயருகே கொண்டுபோவார், வேலை எல்லாம் முடிந்துவிட்டிருக்கும், மூக்கைக் கட்டிக்கொள் என்று சொல்லக்கூடக் காலம் கடந்திருக்கும். கீழே வைத்துவிடுவார். நெல் போனதைவிட அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஒரு மனிதர் தினமும் ஐந்து நிமிடம் தன் வயலில் போய் நின்றுவிட்டு வருவார். அந்த வழியை நான் அடைத்துவிட்டேன்.

இரண்டு வருடம் முடிந்து அவர் கிளம்பியபோது, சிராங்கூன் சாலையில் எல்லோரும் சாக்லேட்டும் தைலமும் வாங்க, அவர் இரும்புச் சாமான் கடையில் நீலத்தில் கனமான படுதா ஒன்று வாங்கினார். விமான நிலையத்தில் எடை கூடுகிறது என்றார்கள். சட்டைகளை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் படுதாவைக் கொண்டுபோனார். "போட்டுக்க. உனக்குக் கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும்" என்றார்.

ஊரில் அவருக்குக் கிடைத்தது மூன்று அறுவடை. நான்காவதுக்கு நாற்றுவிட்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து போய்விட்டார். எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை. என்னால் தவறிய இரண்டையும் சேர்த்து ஐந்து அறுவடை பார்த்திருக்க வேண்டிய மனிதர் என்று அண்ணி மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பார். அந்தக் கண்ணுக்கு முன்னால் போய் எப்படி நிற்பது?

இப்போது நான் மேற்பார்வையாளர். உட்லண்ட்ஸில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். போன வாரம் வேலைக்குக் கிளம்பும்போது செய்தியில் சொன்னார்கள்: கடலில் தாழ்வு மண்டலம், டெல்டாவில் மூன்று நாள் கனமழை. தை மாதம். அண்ணிதான் இன்னும் சாகுபடி பார்க்கிறார் என்று ஊர்ப் பையன்கள் சொல்லியிருந்தார்கள். களத்தில் நெல் கிடக்குமே என்று மனசு அடித்துக்கொண்டது. அவருக்கு நேராகவே செய்தி போகும், என்னைவிட நூறு மடங்கு விவரம் தெரிந்தவர், எல்லாம் தெரியும் எனக்கு. ஆனாலும் மின்தூக்கி வாசலில் நின்று, எட்டுமுறை பேசி அழித்து, ஒன்பதாவது முறை அனுப்பினேன். "அண்ணி, நான்தான். நாளையிலேருந்து பெரிய மழைங்கிறாங்க. நெல்லை மூடி வச்சிடுங்க. நீங்களும் நனையாம பத்திரமா இருங்க."

ரயிலில் உட்லண்ட்ஸிலிருந்து நாலு நிலையம் தாண்டும்வரை கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் வந்தது. ஒரே ஒரு நொடி நீளம். பின்னால் படுதா காற்றில் படபடக்கும் சத்தம், அதற்கு மேலே அவர் குரல்.

"எந்த ஊருல?"