அழகான ஆங்கிலத்தில் ஒரு விளக்கக் கடிதம்

தினமும் காலையில் கம்பெனி வாசலில் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். மோதிரம், கயிறு, வளர்ந்த நகம் எதுவும் கூடாது. மேனுஃபேக்ச்சர் என்ற சொல்லுக்கு லத்தீன் வேர் ‘கையால் செய்தல்’. அந்தக் கையைத்தான் இங்கே முதலில் சந்தேகப்படுகிறார்கள். கம்பெனி என்றால் அதே லத்தீனில் ஒரே ரொட்டியைப் பிட்டுத் தின்பவர்கள். எங்கள் கேன்டீனில் அதிகாரிகளுக்குத் தனி வாசல்.

சங்கரன்கோவில் டுடோரியலில் ஆங்கிலத்தோடு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்துப் பெயர் வாங்கியவன் நான். பிறகு டுடோரியல் செல்போன் கடையாயிற்று. ஐம்பதை நெருங்கும் வயதில் சென்னைப் பக்கம் சுங்குவார்சத்திரம் வந்து ஸ்டோர் கிளார்க் ஆனேன். புலமை அடங்குமா? தெற்கத்திப் பிள்ளைகளின் லீவு லெட்டர், விளக்கக் கடிதம் எல்லாம் என் கைவண்ணம். ஊரிலிருந்து படிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: இங்கே தப்பு செய்தால்கூடப் பிழைத்துக்கொள்ளலாம், அதை ஆங்கிலத்தில் விளக்குவதுதான் தண்டனை.

எங்கள் ஊர்ப் பேச்சியம்மாள் லைனில் நின்றபோது தலைசுற்றி, கேட்காமல் போய் உட்கார்ந்துவிட்டாள். விளக்கம் கேட்டார்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம். கடிதம் சரிப்பட்டால் வேலை, இல்லாவிட்டால் ஊர்.

“ரெண்டு வரி போதும் அண்ணாச்சி. மயக்கம் வந்துட்டு, மன்னிச்சிருங்கன்னு.”

“சும்மா கெட பிள்ள. படிக்கவன் அசந்துரணும்லா.”

ஒரு பக்கம் எழுதினேன். டிக்னிட்டி, கன்சிடரேஷன் என்று ரோமாபுரியையே இறக்கினேன். கன்சிடரேஷனின் வேருக்குள் ஒரு நட்சத்திரம் ஒளிந்திருக்கிறது என்று விளக்கமும் சொன்னேன். “நமக்கு எதுக்கு அண்ணாச்சி நட்சத்திரம்?” என்றபடி கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் சூப்பர்வைசர் அவளை ஸ்டோர் வாசலில் மடக்கினார். மேலிருந்து பார்ப்பவர் என்று அர்த்தம். என் தோளுயரம்தான் இருப்பார்.

“இன்னாம்மா, வக்கீல் நோட்டீஸ் மாதிரி கீது? யார் எழுதிக் குடுத்தா? சங்கத்துல சேந்துகினியா?”

“நாந்தான் எழுதுனேன் சார்” என்றாள்.

“டிக்னிட்டின்னா இன்னா, சொல்லு.”

அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், வேர் வரைக்கும் தெரியும். நாலு எட்டு தூரத்தில் அட்டைப்பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. அன்று மாலையே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

அந்தக் கடிதத்தை எழுதியவன் யாரென்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. ஊரில் எல்லோருக்கும் தெரியும். “பேச்சியம்மா அய்யா தெனமும் நம்ம வாசல் வழியாத்தான் போறாவ. என்னத்தச் சொல்ல?” என்று ஊரிலிருந்து என் மனைவி போனில் கேட்டாள்.

பொங்கலுக்கு ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிவிட மட்டும் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். பைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். என் ஒரு கால் படியில் இருந்தது.

“சார், ஏறுனா ஏறு, இல்லாங்காட்டி எறங்கு. வண்டி எடுக்கணும்” என்றார் கண்டக்டர்.

ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றுகொண்டிருந்தேன். வண்டி மெல்ல நகர ஆரம்பித்திருந்தது.