அதுக்கு முதல் எவடம்?

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். அதை நான் அடக்கமாகச் சொல்வதில்லை. ஆனால் முதுகலைக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயத்தை, பர்மிய அரசு ரோஹிங்கியா மக்களை ஏன் அந்நியராக்கியது என்பதை, வீட்டில் யாருடனும் பேச முடியவில்லை. அப்பாவுக்கு இரவு வேலை. அம்மா, "உனக்குப் படிக்க வேற ஆக்கள் கிடைக்கேல்லையே?" என்பார். பல்கலைக்கழகத்தில் பேசலாம்தான். அங்கே அது வேறு யாரோ ஒருவரின் துயரம்.

அதனால் நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் மில்லிக்கன் பகுதியில் ஒரு தமிழ் வாசகர் வட்டம் பேச அழைத்தபோது அம்மாவையும் கூட்டிப் போனேன். கடைத்தொகுதி ஒன்றின் மேல்மாடி. முதலில் தேநீர். அம்மாவின் பக்கத்தில் இருந்த அன்ரி, எங்கள் ஆட்களின் வழமைப்படி, பெயரைக் கேட்கும் முன்பே தொடங்கினார்.

"ஊரில எவடம்?"

"கிளிநொச்சி."

"ஓ. அதுக்கு முதல்?"

அம்மா தேநீரை ஒரு மிடறு குடித்தார். "அதுக்கு முதலும் கிளிநொச்சிதான் அக்கா."

"சும்மா கதை விடாதேங்கோ! கிளிநொச்சியில எல்லாரும் எங்கையோ இருந்து வந்தாக்கள்தானே," என்று அன்ரி சிரித்தார்.

அம்மாவின் பெற்றோர் மலைநாட்டில், மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். கலவரத்தில் அடிபட்டு, கிளிநொச்சி இருக்கும் வன்னிக்கு ஓடி வந்தவர்கள். இந்த நகரத்தில் அது அப்பாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

பேசினேன். பௌத்தம் அழிந்துவிடும் என்ற பயத்தை அங்குள்ள பிக்குகள் சிலர் எப்படி ஊட்டினார்கள் என்று சொன்னபோது தலைகள் ஆடின. "உவங்கள் எங்கையும் உப்பிடித்தான் பிள்ளை," என்றார் பின்வரிசை அண்ணை ஒருவர். அங்கேயே நிறுத்தியிருந்தால் கைதட்டல் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

மதம் மட்டும் வேர் அல்ல என்றேன். பிரித்தானியர் வருமுன் இருந்த இனங்களுக்கே மண் சொந்தம் என்ற எண்ணத்தைச் சட்டமாக்கியதும் வேர்தான். ரோஹிங்கியாக்களுக்கு அந்த மண்ணில் அதைவிடப் பழைய வரலாறு உண்டு. அரசு அவர்களை வங்காளிகள் என்றே சொன்னது. "ஆனால் பழமையை நிரூபிக்கத் தொடங்கும்போதே அந்தக் கேள்வியை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். நேற்று வந்தவன் என்றால் அவன் வீட்டைக் கொளுத்தலாமா?"

பிறகு, தாளில் எழுதி வைக்காததையும் சொன்னேன். "அந்த அரசு கேட்டது சின்னக் கேள்விதான். அதுக்கு முதல் எவடம்? இலங்கையிலும் தோட்டத்து மக்களிடம் அதைக் கேட்டுத்தான் குடியுரிமையைப் பறித்தார்கள். நாங்கள் அதைத் தேத்தண்ணியோட கேக்கிறம்."

ஒரு தலையும் ஆடவில்லை. அன்ரி மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தார். தேநீரின்போது அருகில் இருந்த ஒருவரும் முன்வரிசையில் இருந்து திரும்பினார். அம்மா ஜக்கெற்றின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தும் அம்மா எனக்கு முன் இருக்கையில் போய்த் தனியே இருந்தார்.

"நான் உங்களைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே அம்மா."

அவர் திரும்பாமலே சொன்னார். "நீ எதுக்குடி சொல்லணும்? எல்லாரும் என்னயத்தான பாத்தாங்க."

அந்தப் பேச்சை அவர் வாயில் நான் அதுவரை கேட்டதே இல்லை. கோபத்தில் தப்பி வந்த மலைநாட்டுத் தமிழ். அதில் இன்னும் ஒரு வார்த்தை பேசமாட்டாரா என்று காத்திருந்தேன், அது என்னைத் திட்டுவதாக இருந்தாலும். எங்கள் தரிப்பு வரும்வரை அவர் கண்ணாடிக்கு வெளியேயே பார்த்துக்கொண்டிருந்தார்.